காய்ந்துபோகும் எண்கள்

31 ஆண்டுகளாகப் பெயர்ப் பலகை எழுதுகிறேன். ஃபிளெக்ஸ் வந்த பிறகு கடைப் பலகைகள் அருகிவிட்டன. இப்போது கைக்கு வருவது பெரும்பாலும் லாரி எண்கள்தான். அதனாலோ என்னவோ, வாழ்நாளெல்லாம் எண்களையே எழுதிய ஓர் ஓவியரை என் மகள் கைப்பேசியில் காட்டியபோது, பார்த்தவுடன் ஒரு தொழில்பாசம் வந்துவிட்டது.

ரோமன் ஒபால்கா. போலந்துப் பெற்றோருக்குப் பிரான்சில் பிறந்தவர். 1965இல் வார்சாவில், 196க்கு 135 சென்டிமீட்டர் துணிக்குக் கறுப்புப் பூசி, இடது மேல் மூலையில் வெள்ளையால் 1 என்று எழுதினார். பிறகு 2, 3. வலது கீழ் மூலையில் 35327. அடுத்த துணி 35328இல் தொடங்கியது. 2011இல் இறக்கும்வரை இந்த வரிசையை அவர் விடவில்லை. கடைசி எண் 5607249. ஐம்பத்தாறு லட்சத்து ஏழாயிரத்து இருநூற்று நாற்பத்தொன்பது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அவரும் சில ஆண்டுகள் கழித்து, ஒவ்வோர் எண்ணையும் எழுதும்போதே போலிஷ் மொழியில் சொல்லி, ஒலிநாடாவில் பதிந்துவைத்தார்.

கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. தூரிகையை ஒருமுறை தோய்த்தால் முதல் எண் பளிச்சென்று விழுகிறது. அடுத்தடுத்தவை மங்கி, கடைசியில் ஏதோ கீறியதுபோல் நிற்கின்றன. மறுபடி தோய்க்கிறார், மறுபடி பளிச். என் குருநாதரிடம் இப்படி எழுதிக் காட்டியிருந்தால் எழுதும் கைக்கு முட்டுக்கொடுக்கும் தாங்குகோலாலேயே விரலில் போட்டிருப்பார். பெயின்ட் தீர்வது பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது, அதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒபால்கா அதை மறைக்கவே இல்லை. தள்ளி நின்று பார்த்தால் எண்கள் தெரிவதில்லை, துணி முழுக்க வெளிச்சம் ஏறி இறங்குகிறது. அவர் எப்போது தோய்த்தார், எவ்வளவு தூரம் இழுத்தார் என்பதெல்லாம் அப்படியே கிடக்கிறது.

செய்து பார்க்காமல் மனம் ஆறவில்லை. ஒரு ஒட்டுப்பலகைக்குக் கறுப்படித்து, நேர்கோட்டுக்கு நூல் அடிக்காமல், மிகச் சிறிய பூஜ்யம் எண் தூரிகையால் தொடங்கினேன். நூறு வரை கை ஓடியது. அதன்பின் வாய் ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றை எழுதியது. 260இல் திரும்பிப் பார்த்தால் 214ஐக் காணோம். பழகிய கை என்று இத்தனை நாள் நான் மெச்சிக்கொண்டது, பார்க்காமலே எழுதும் கையைத்தான் போலிருக்கிறது. 46 ஆண்டுகளுக்கு அவர் கணக்கை வகுத்தால் நாளொன்றுக்குச் சராசரி 330 எண்கள் வருகின்றன. எனக்கு 400 தாண்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

1972 முதல் ஒவ்வொரு புதுத் துணியின் பின்னணியிலும் ஒரு சதவீதம் வெள்ளை கூட்டிக்கொண்டே போனார். கறுப்பு 1968இலேயே சாம்பலாகியிருந்தது. அந்தச் சாம்பல் வெளுத்து வெளுத்து, இறுதியில் வெள்ளைமேல் வெள்ளை. எழுதியது கண்ணுக்கே தெரியாத நிலையில், எந்த எண்ணில் இருக்கிறோம் என்பதற்கு அந்தக் குரல்தான் சாட்சி. வேலை முடிந்ததும் துணிக்கு முன்னால் நின்று, அதே வெள்ளைச் சட்டையில், அதே வெளிச்சத்தில் தன் முகத்தையும் படமெடுத்துக்கொள்வார். அந்தப் படங்களை அடுக்கிப் பார்த்தால் தலைமுடியும் துணியோடு சேர்ந்தே வெளுக்கிறது. எனக்கென்னவோ படங்களைவிட எண்கள்தான் பிடித்திருக்கின்றன. முகம் வயதாவதைக் காட்ட நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களே போதும்.

ஒரே இலக்கமாக அமையும் எண்கள்மீது அவருக்கு ஒரு கண் இருந்தது: 1, 22, 333, 4444 என்று. 666666ஐக் கடந்தவர் 7777777ஐத் தொட ஆசைப்பட்டார். இன்னும் 21 லட்சத்துச் சொச்சம் பாக்கி இருந்தது.

என் பலகை 640இல் நின்று, பட்டறைச் சுவரில் சாய்ந்திருக்கிறது. 214ஐ இடையில் சொருகவில்லை. நேற்று எண் எழுத வண்டி கொண்டுவந்த ஓட்டுநர் அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதெல்லாம் யாருக்குக் கொடுத்த கடன்?" என்று கேட்டார்.