கேரம் போர்டில் உந்தக் கணக்கு: உரசி அடிக்கிற அடியும் ஒத்து வந்தது

ஸ்ட்ரைக்கர் காயை அடிக்கும்போது, மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் (எடையை வேகத்தால் பெருக்கி, திசையோடு சேர்த்துப் பார்ப்பது) மாறாமல் இருக்கிறதா என்று போனில் படம் எடுத்து அளந்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாகப் பக்கவாட்டு உந்தம் கைக்கு வந்துவிட்டது. ஸ்ட்ரைக்கருக்கு இடப்பக்கம் 7.1, காய்க்கு வலப்பக்கம் 7.3 (கிராம் மீட்டர்/நொடி). மோதலுக்கு முன் பக்கவாட்டில் சுழியம், மோதிய பிறகும் கிட்டத்தட்ட சுழியம். நேருக்கு நேர் அடியில் கணக்கு முன்பே ஒத்துப்போனது. ஓரத்தில் உரசுகிற அடிதான் இத்தனை நாள் தண்ணி காட்டியது.

எல்லாவற்றுக்கும் காரணம் வீட்டு ட்யூப்லைட். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சோக் வைத்த பழைய லைட் நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. போனில் நொடிக்கு 240 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு ஃப்ரேம் பளிச்சென்றும் அடுத்தது மங்கலாகவும் விழும். மலிவான எல்.இ.டி. பல்பும் அதே லட்சணம்தான். வெளிச்சம் போதாததால் ஷட்டரும் மெதுவாகி, ஸ்ட்ரைக்கரின் விளிம்பு இழுபட்டுத் தெரியும். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் எட்டு மில்லிமீட்டர் நகர்கிற பொருளுக்கு, விளிம்பே மூன்று மில்லிமீட்டர் இழுபட்டால் கோணத்தை எப்படி அளப்பது? உராய்வு வேகத்தைத் தின்பதற்குள் அளக்க வேண்டும் என்பதால் மோதலுக்குப் பிந்தைய முதல் சில ஃப்ரேம்களை விட்டால் வேறு வழியும் இல்லை.

அப்புறம் போர்டை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனேன். மதுரை வெயிலைத் திட்டாத ஆள் கிடையாது. இந்த வேலைக்கு அதுதான் சாமி. காலை எட்டு மணி வெயிலே போதும், படம் கத்தி போல விழுகிறது. போரிக் பவுடரைக் காற்று வாரிக்கொண்டு போகாமல் இருக்க மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டிப் போட்டேன். காய், ஸ்ட்ரைக்கர் இரண்டின் நடுவிலும் ஆளுக்கொரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. விளிம்பைத் தேடாமல் பொட்டைத் தொடர்ந்தால் போதும். போன், போர்டின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே நிற்கிறதா என்று பார்க்கக் கொத்தனாரின் தூக்குக்குண்டு. அளவுகோல் தனியாக வேண்டாம், ஆடுகளமே 74 செ.மீ.

எடைக்குத் தெற்காவணி மூல வீதிப் பக்கம் தெரிந்த நகைப் பட்டறைத் தராசு: ஸ்ட்ரைக்கர் 14.9 கிராம், காய் 5.3 கிராம். சமையலறைத் தராசை நம்பாதீர்கள்.

கணக்கு இது. ஸ்ட்ரைக்கர் 2.10 மீ/நொடியில் வந்தது. மோதியபின் காய் 2.14 வேகத்தில் 40 டிகிரியில் ஒரு பக்கம், ஸ்ட்ரைக்கர் 1.55 வேகத்தில் 18 டிகிரியில் மறுபக்கம். முன்னோக்கிய உந்தம் 31.3 இருந்தது, 30.7 ஆனது. திசையைப் பார்க்காமல் வெறுமனே கூட்டினால் 34.4, அதாவது உந்தம் கூடிவிட்டது போலக் காட்டும்! பதினேழாம் நூற்றாண்டுத் தத்துவ அறிஞர் தெகார்த்தே திசையை விட்டுவிட்டுத்தான் கணக்குப் போட்டார். அதைத் திருத்தியவர் அதே நூற்றாண்டின் இயற்பியலாளர் ஹைகன்ஸ். அந்தத் திருத்தம் ஏன் பெரியது என்பது என் போர்டிலேயே தெரிந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். இயக்க ஆற்றல் மட்டும் ஒன்பது சதவீதம் போல் குறைந்தது. அந்த ‘டக்’ சத்தமும் சூடும் அதில்தான் அடங்கும்.

இன்னொன்று: இந்த எடைகளுக்கு, சுழலாமல் வரும் ஸ்ட்ரைக்கர் நிற்கிற ஒரு காயை எப்படி உரசினாலும் 21 டிகிரிக்கு மேல் திரும்ப முடியாது. ஆடுகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்.

இதே உரசல் அடியை வேறு கோணங்களிலும் எடுத்து முடிக்க வேண்டும். அதற்குள் மனசு காயைக் காயால் அடிக்கிற சோதனைக்குத் தாவுகிறது. சம எடை என்பதால் இரண்டும் செங்கோணத்துக்குச் சற்றுக் குறைவாகப் பிரிய வேண்டும். அதற்குக் காயை நேர்கோட்டில் ஏவ ஒரு மரத் தடம் தேவை. ஆசாரியிடம் தேக்குத் துண்டு சொல்லி வைத்திருக்கிறேன்.