ஐசோயிட்டஸ் தொட்டிகள்: ஒரு பருவத்தின் நாட்குறிப்பு

ஜூன் 3

ஐசோயிட்டஸ் என்பது நீரிலும் ஈர நிலத்திலும் வளரும், பூக்காத ஒரு தாவரப் பேரினம். வறண்ட மாதங்களை மண்ணுக்குள் கழித்த ஐசோயிட்டஸ் கரோமண்டலினா கிழங்குகளுக்கு இன்று தண்ணீர் விட்டேன். மழைக்காலக் குட்டைகளில் வளரும் இந்த இனம், குட்டை வற்றத் தொடங்கியதும் இலைகளை இழந்து, கெட்டியான குறுந்தண்டாக மட்டும் மண்ணுக்கடியில் கிடந்து, அடுத்த மழையில் மறுபடியும் தழைக்கும். அதனால் தொட்டியிலும் அதற்கு ஒரு வறண்ட பருவம் கொடுப்பதே முறை. இதற்கு நேர்மாறானது ஐசோயிட்டஸ் லகஸ்ட்ரிஸ். 1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட அந்த இனம், வடக்கு நாடுகளின் குளிர்ந்த, தெளிந்த ஏரிகளில் ஆண்டு முழுவதும் மூழ்கியே வாழ்கிறது. அதை உலரவிட்டால் பிழைக்காது. இந்தப் பேரினத்தில் ஏறத்தாழ 200 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. பார்வைக்கு எல்லாமே ஒரு கொத்துப் புல்லைப் போலத் தோன்றுவதால், கையில் இருப்பது எந்த இனம், அது எத்தகைய நீர்நிலையைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொள்ளாமல் வளர்ப்பில் இறங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தண்ணீர் விடும் முன் ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். உயிருள்ளவை கல்லைப் போல் கெட்டியாக இருந்தன; அழுத்தியதும் அமுங்கியவற்றை அப்புறப்படுத்திவிட்டேன்.

ஜூன் 5

மண்ணைப் பற்றி விரிவாக எழுதிவைக்க வேண்டும், ஏனெனில் இந்தச் செடியின் வாழ்வும் சாவும் அங்கேதான் முடிவாகின்றன. நன்றாகக் கழுவிய ஆற்று மணலுடன் சிறிதளவு களிமண்ணும், முழுவதும் மக்கிப்போன இலைத்தூள் ஒரு கைப்பிடியும் கலந்திருக்கிறேன். தொழுவுரமோ செயற்கை உரமோ சேர்க்கவில்லை. நிலத்துச் செடிகளை வளர்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கலவை மிகவும் ஏழ்மையானதாகத் தெரியும். ஆனால் ஐசோயிட்டஸ் இனங்களில் பல, சத்து குறைந்த நீர்நிலைகளையே தமக்குரிய இடமாகக் கொண்டவை. அங்கே வேகமாக வளரும் வேறு செடிகளால் தலையெடுக்க முடியாது. மெதுவாக வளரும் இவற்றுக்கு வெளிச்சம் தடையின்றிக் கிடைக்கும். சத்தைக் கூட்டினால் முதலில் செழிப்பது பாசிதான்.

இன்னொரு காரணம் வேர்களில் இருக்கிறது. நீரில் மூழ்கி வாழும் இனங்கள், ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜனில் பெரும் பங்கை வேர்கள் வழியாகச் சுற்றியுள்ள மணலுக்குள் விடுகின்றன. வேரை ஒட்டிய மண்ணில் உள்ள இரும்பு அந்த ஆக்சிஜனைப் பெற்றுத் துருவாகப் படிகிறது. மாற்று நடவின்போது வேர்களின் மேல் செம்பழுப்பு உறை தெரிந்தால், அதை நோய் என்று எண்ணிக் கழுவித் தேய்க்க வேண்டியதில்லை. மக்காத பொருள் மண்ணில் மிகுதியாக இருந்தால் அது அழுகும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும். கறுத்து நாற்றமெடுக்கும் சேற்றில் வேர்கள் ஊன்றி நிற்பதில்லை, செடி தானாகப் பெயர்ந்து மிதக்கத் தொடங்கிவிடும்.

ஜூன் 16

இலை நுனிகள் மணலுக்கு வெளியே தெரிகின்றன. நீர்மட்டத்தை இரண்டு விரல் அளவிலேயே வைத்திருக்கிறேன். இலைகள் நீளும்போது சிறிது சிறிதாக உயர்த்துவேன்.

ஜூன் 30

வெளிப்புறத்து இலை ஒன்றை அடியோடு பிரித்தெடுத்து, சவர அலகால் குறுக்கே வெட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையில் பார்த்தேன். வெட்டுமுகத்தில் நான்கு காற்றறைகள், நடுவே ஒற்றை நரம்பு. நெடுக வெட்டிய துண்டில், அந்தக் காற்றறைகளை இடைவெளி விட்டு மறிக்கும் மெல்லிய குறுக்குச் சுவர்கள் தெரிந்தன. இலையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தாலே அவை மங்கிய கோடுகளாகத் தெரியும். புல்லோ கோரையோ என்று ஐயம் எழும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இலையின் அகன்ற வெண்மையான அடிப்பகுதியில், உட்பக்கமாக, லிக்யூல் என்னும் சிறு செதில் ஒட்டியிருந்தது.

வேரையும் வெட்டிப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு பெரிய காற்றறை. நரம்பு நடுவில் இல்லாமல் ஓர் ஓரமாக ஒதுங்கி நிற்கிறது. கார்பனிபெரஸ் காலத்தில், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன், சதுப்புக் காடுகளில் மரமாக ஓங்கி நின்று பின்னர் நிலக்கரியாகிப்போன லெப்பிடோடெண்ட்ரான் வகைகளின் வேர்ப் புதைபடிவங்களிலும் இதே அமைப்பு காணப்படுகிறது. இன்று உயிரோடிருப்பவற்றுள் அந்த மரங்களுக்கு மிக நெருங்கிய உறவு இந்த ஐசோயிட்டஸ்தான். பெரணிகளோடு சேர்த்துப் பேசப்பட்டாலும் இது பெரணி அன்று, லைக்கோபைட்டு என்னும் வேறொரு பழந்தாவரக் குழுவைச் சேர்ந்தது.

இந்தக் காற்றறைகள் மிதப்பதற்காக மட்டும் ஏற்பட்டவை அல்ல. மென்னீர் ஏரிகளில் கரைந்துள்ள கார்பன் டை ஆக்சைடு சொற்பம். அடிமண்ணின் ஈரத்திலோ அது பல மடங்கு மிகுதி. ஆகவே மூழ்கி வாழும் ஐசோயிட்டஸ் அதை வேர்கள் வழியே எடுத்து, காற்றறைகள் வழியே இலைக்கு அனுப்புகிறது. அதோடு பல இனங்கள் இரவில் கார்பன் டை ஆக்சைடை மாலிக் அமிலமாகச் சேமித்துவைத்து, பகலில் எடுத்துப் பயன்படுத்துகின்றன. கள்ளி போன்ற வறட்சி தாங்கும் செடிகளுக்கே உரியது என்று கருதப்பட்ட இந்த வழக்கம் நீர்த்தாவரம் ஒன்றிலும் உண்டு என்பதை, ஐசோயிட்டஸ் ஹோவெல்லியை ஆராய்ந்து தாவரவியலாளர் ஜான் கீலி 1981இல் வெளியிட்டார். கள்ளி தண்ணீரைக் காப்பாற்றிக்கொள்ளக் கையாளும் வழியை, தண்ணீருக்குள்ளேயே வாழும் செடி பகலில் கிட்டாத வாயுவுக்காகக் கையாள்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. மண்ணில் சிறிது மக்கிய பொருள் இருக்கட்டும் என்று நான் விடுவதும் இதனால்தான்: அது மெல்லச் சிதையும்போது வெளிவரும் வாயுவே மூழ்கிய செடிக்கு உணவாகிறது.

ஜூலை 12

நூற்பாசி வந்துவிட்டது. ஒரு மெல்லிய குச்சியை நீரில் விட்டுச் சுழற்றினால் பாசி அதில் சுற்றிக்கொண்டு வரும்; விரலால் இழுத்தால் இலைகளும் அடியோடு பெயர்ந்து வந்துவிடும். செப்பு கலந்த பாசிக்கொல்லிகளை இந்தத் தொட்டிகளில் ஒருபோதும் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் பாசியைக் கொல்லும் அளவு செப்பு செடிக்கும் நல்லதன்று. நீரில் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதிய மழைநீர் ஊற்றினேன். பாசி மீண்டும் மீண்டும் வந்தால், தவறு நீரிலோ மண்ணிலோ தங்கிய சத்தில்தான் இருக்கிறது. அதைக் குறைக்காமல் பாசியை மட்டும் அள்ளிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

ஜூலை 13

தொட்டிகளை இன்னும் திறந்த வெளிச்சத்துக்கு நகர்த்தினேன்.

ஆகஸ்ட் 4

பக்கத்துத் தொட்டிக்கான ஆரைக்கீரையை இன்று ஸ்போரோகார்ப்பிலிருந்து தொடங்கினேன். வித்துகளை, அதாவது பூக்காத தாவரங்கள் விதைக்குப் பதிலாக உண்டாக்கும் இனப்பெருக்கத் துகள்களை, பொதிந்து வைத்திருக்கும் இந்தச் சிறு கொட்டைகளின் ஓடு மிகக் கடினமானது. பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்தாலும் உள்ளே உயிர் காக்கும். ஓட்டின் ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து, வெள்ளைப் பகுதி தெரிந்ததும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்து நீரில் போட்டேன். சற்று நேரத்தில் கொட்டை பிளந்து, உள்ளிருந்து கண்ணாடி போன்ற கூழ்ப்புழு ஒன்று நெளிந்து வெளியே நீண்டது. அதன் இருபுறமும் வித்துப் பைகள் வரிசையாகத் தொங்கின. அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தேறும். பெரிய, சிறிய வித்துகள் முளைத்து, ஒரு நாளுக்குள்ளேயே கருவுறுதலும் முடிந்துவிடக் கூடும்.

நான்கு இதழ்களாக விரியும் ஆரை இலையைப் பார்த்துவிட்டு ஐசோயிட்டஸைப் பார்த்தால் இரண்டையும் ஒரே வகையில் பராமரிக்கலாம் என்று தோன்றலாம், ஏனெனில் இரண்டுமே நீர் வற்றும் நிலத்துச் செடிகள். ஆனால் ஆரை கொடியாகப் படர்ந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரே தொட்டியில் விட்டால் ஐசோயிட்டஸ் நிழலில் அமிழ்ந்துபோகும். இரண்டையும் பிரித்தே வைக்க வேண்டும்.

செப்டம்பர் 18

வெளி இலைகளின் அடிகள் உப்பிவிட்டன. ஒன்றைக் கிழித்ததும் வெண்மையான மணிகள் உள்ளங்கையில் கொட்டின. இவை பெருவித்துகள், ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவில் இருப்பதால் வெறுங்கண்ணுக்கே தெரியும். வேறோர் இலையின் பையில் இருந்தது மாவு போன்ற நுண்வித்துகள். ஒரு பையில் அவை இலட்சக்கணக்கில் அடங்கும். இனங்களைப் பிரித்தறிவதற்கு இலையின் நீளமோ நிறமோ போதாது. பெருவித்தின் மேற்பரப்பில் உள்ள மேடுகளையும் வலைக்கோடுகளையும் நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும்.

இரண்டு வகை வித்துகளையும் ஒன்றாகவே விதைக்க வேண்டும். பெருவித்து தன் ஓட்டுக்குள்ளேயே பெண் திசுவை வளர்த்து, மேலே உள்ள மூன்று கோட்டு வடுவின் வழியே பிளக்கும். நுண்வித்திலிருந்து நான்கே ஆண் இனச்செல்கள் வெளிவந்து, நீரில் நீந்தி அந்தப் பிளவை அடைய வேண்டும். ஈர மணல் மீது இரண்டையும் தூவி, ஒரு விரற்கடை உயரத்துக்கு மழைநீர் ஊற்றி, கண்ணாடியால் மூடி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்திருக்கிறேன். மேலே மணல் போட்டு மூடவில்லை.

அக்டோபர் 27

மணலில் தலைமயிர் போன்ற பச்சை இழைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் பிளந்த பெருவித்து இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சில இலைகள் விடும் வரை இவற்றை இடம் மாற்ற மாட்டேன்.

பெரும்பாலான இனங்கள் பக்கக்கன்று விடாததால், வித்து வழியே பெருக்கத் தெரிந்துகொள்வது மிகவும் அவசியம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் கருங்கற் பாறைகளின் ஆழமற்ற குழிகளில் மட்டும் வாழும் ஐசோயிட்டஸ் டெகெட்டிஃபார்மன்ஸ் 1988இல் அழியும் நிலையில் உள்ள தாவரமாக அந்நாட்டு அரசால் அறிவிக்கப்பட்டது; சீனத்தின் ஐசோயிட்டஸ் சினென்சிஸும் முதல் நிலைப் பாதுகாப்பில் உள்ளது. ஒரு குட்டையைத் தூர்த்தால் ஓர் இனத்தின் கணிசமான பகுதியே போய்விடக் கூடிய செடிகள் இவை. எனவே இயற்கையான குட்டையிலிருந்து செடியைப் பெயர்த்து எடுப்பதை நான் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க மாட்டேன். வளர்ப்பவர்களிடமிருந்து, இனப்பெயரும் மூலமும் தெளிவாகக் குறிக்கப்பட்ட வித்துகளைப் பெறுவதே நேர்மையான வழி.

டிசம்பர் 14

பெரிய செடிகளின் இலைகள் மஞ்சளடித்துச் சாய்கின்றன. நீர் சேர்ப்பதை நிறுத்திவிட்டேன். நீர் தானாக வற்றட்டும், ஒரேயடியாக வடித்துவிட்டால் இலையில் உள்ள உணவு கிழங்குக்கு இறங்க நேரம் கிடைக்காது. அழுகும் இலைகளின் அடியில் வித்துகள் இருப்பதால் அவற்றை அள்ளி எறியாமல் மணல் மீதே விட்டிருக்கிறேன். நாற்றுகளுக்கு மட்டும் இந்த ஆண்டு வறட்சி கிடையாது. அவற்றின் கிழங்கு இன்னும் கடுகளவே இருப்பதால், அடுத்த மழைக்காலம் வரை ஈரத்திலேயே வைத்து வளர்ப்பேன்.