அஃப்ளிக்ஷன் வார்லாக்காகக் கில்டின் தேர்வுக் காலத்தைக் கடப்பது: ஓர் அனுபவ வழிகாட்டல்

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய விளையாட்டில் ரெய்டு கில்டுகள், அதாவது பெரும் எதிரிகளைக் கூட்டாக வீழ்த்தும் ஆட்டக்காரர் சங்கங்கள், புதியவர் எவரையும் எடுத்த எடுப்பிலேயே நிரந்தர உறுப்பினராக ஏற்றுக்கொள்வதில்லை. விண்ணப்பத்தைப் படித்து, பழைய ஆட்டப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்து, பிறகு சில வாரங்கள் தங்களோடு ஆடவிட்டுக் கவனிக்கிறார்கள். ‘டிரையல்’ என்று சொல்லப்படும் அந்தத் தேர்வுக் காலத்தை, எதிரியின் உயிரைச் சிறுகச் சிறுகக் கரைக்கும் அஃப்ளிக்ஷன் வார்லாக்காக, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆஸ்திரேலியர்கள் நிறைந்த ஒரு கில்டில் நான் கடந்தேன். எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இந்த விளையாட்டைத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகள் சிலர் இதைப் பற்றி அடிக்கடி கேட்பதால், எதைப் படிக்க வேண்டும், எதைப் பழக வேண்டும், தேர்வு செய்பவர் உண்மையில் எதைப் பார்க்கிறார் என்பதை எழுதிவைக்கிறேன்.

2004ஆம் ஆண்டு நவம்பரில் இந்த விளையாட்டு வெளிவந்தபோதே இருந்த ஒன்பது வகுப்புகளில் (பாத்திர வகைகளில்) வார்லாக் ஒன்று. அதன் மூன்று பிரிவுகளில் அஃப்ளிக்ஷன்தான் ‘டாட்’ எனப்படும் தொடர்சேத மந்திரங்களையே முதலாக வைத்து ஆடுவது. அகனி, கரப்ஷன், அன்ஸ்டேபிள் அஃப்ளிக்ஷன் ஆகிய மூன்றையும் எதிரிமேல் ஏற்றிவிட்டால், அவை தம்பாட்டுக்குச் சில விநாடிகளுக்கு ஒருமுறை அவன் உயிரைக் குறைத்துக்கொண்டிருக்கும். பால்மரம் வெட்டியவர் அடுத்த மரத்துக்கு நகர்ந்த பிறகும் மங்கில் பால் சொட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரியான வேலை இது. நம் ஊர் இணையத்துக்கு இந்தப் பிரிவு பொருந்துவதற்கும் அதுவே காரணம். ஏற்றிவிட்ட மந்திரத்தின் சேதத்தைக் கணக்கிடுவது சர்வர். நம் கணினி அல்ல. சர்வரோ சிட்னியில் இருக்கிறது. அங்கே ஒரு கட்டளை போய்த் திரும்ப நமக்குப் பெரும்பாலும் 100 மில்லிவிநாடிக்கு மேல் பிடிக்கிறது. இணைப்பு ஓரிரு விநாடி திக்கினாலும், ஏன், முழுதாக அறுந்தே போனாலும், ஏற்கெனவே ஏற்றிய டாட்கள் தம் காலம் முடியும்வரை ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்காகத் தரையில் விழும் நெருப்பிலிருந்து விலகுவதற்கோ எதிரியின் மந்திரத்தைத் தடுப்பதற்கோ இந்த வகுப்பு எந்தச் சலுகையும் தராது. அவற்றில் தாமதம் தாமதம்தான்.

தாமதத்தைச் சமாளிக்க விளையாட்டிலேயே ஒரு வசதி இருக்கிறது. ஒரு மந்திரம் முடிவதற்கு 400 மில்லிவிநாடி முன்பிருந்தே அடுத்ததை அழுத்தி வரிசையில் வைத்துவிடலாம். யாரும் மாற்றாதவரை அந்த அளவுதான் அமைப்பில் இருக்கும். முந்தையது முடிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு அடுத்த பொத்தானை அழுத்துபவர் ஒவ்வொரு முறையும் தம் இணைப்பின் தாமதத்தைத் தாமே சேர்த்துக்கொள்கிறார். சற்று முன்கூட்டியே அழுத்தும் பழக்கம் விரலில் ஏறிவிட்டால், நமக்கும் சிட்னிக்காரருக்கும் இடையே இந்த விஷயத்தில் பெரிய வேறுபாடு தெரியாது.

இனி பாடத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். தேர்வில் பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஒரு டாட் முழுமையாகத் தீர்ந்த பிறகு மறுபடி ஏற்றினால் இடையில் வெற்று நேரம் விழும். மிக முன்னதாக ஏற்றினால் மிச்சமிருந்த நேரத்தில் ஒரு பகுதி வீணாகும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல இடைவெளி உண்டு. 2012இல் வார்லாக்குக்கு மட்டும் கிடைத்து, 2014இல் எல்லா வகுப்புகளின் டாட்களுக்கும் பொதுவாக்கப்பட்ட ‘பாண்டமிக்’ விதிதான் அது. இன்றைய விதிப்படி, மிச்சமிருக்கும் நேரத்தில் மந்திரத்தின் அடிப்படைக் காலத்தின் 30 விழுக்காடு வரை புதிய காலத்தோடு சேர்க்கப்படும். அகனியின் அடிப்படைக் காலம் 18 விநாடி என்றால், 30 விழுக்காடு 5.4 விநாடி. 5 விநாடி மிச்சமிருக்கும்போது மீண்டும் ஏற்றினால் 23 விநாடி கிடைக்கும், எதுவும் வீணில்லை. 10 விநாடி மிச்சமிருக்கும்போது ஏற்றினாலோ 28 கிடைக்காது, 23.4 மட்டுமே கிடைத்து, 4.6 விநாடி காற்றில் போகும். 14 விநாடிக் கரப்ஷனுக்கு இந்த எல்லை 4.2. டேலண்ட்களும் (நாம் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறன்கள்) புதிய பேட்ச்களும் (விளையாட்டுத் திருத்தங்கள்) இந்தக் காலங்களை மாற்றக்கூடும் என்பதால் எண்களை மனப்பாடம் செய்வதைவிடக் கணக்கை மனப்பாடம் செய்வதே நல்லது: மந்திரத்தின் விளக்கத்தில் உள்ள காலத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் போதும்.

மூன்று மந்திரங்களும் சமமானவை அல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அகனி போட்டவுடன் முழுப் பலத்தோடு அடிப்பதில்லை. அடுக்கடுக்காக ஏறி, டேலண்ட் ஏதும் இல்லாத நிலையில் பத்து அடுக்கு வரை வளர்கிறது. அதை ஒருமுறை உதிரவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். 2016இல் வந்த லீஜியன் விரிவாக்கத்திலிருந்து சோல் ஷார்ட்களை (வலிய மந்திரங்களுக்குச் செலவாகும் வளம்) ஈட்டித் தருவதும் அதன் துடிப்புகள்தான். ஆகவே ஓடவும் வேண்டும், ஏற்றவும் வேண்டும் என்ற நெருக்கடியில் எதைக் காப்பாற்றுவது என்று யோசிக்க நேர்ந்தால், அகனிக்கே முதலிடம். அதுவும் கரப்ஷனும் நடந்துகொண்டே போடக்கூடியவை. அன்ஸ்டேபிள் அஃப்ளிக்ஷனுக்கு நின்று ஓத வேண்டும். எனவே பாஸ், அதாவது ரெய்டின் பெரிய எதிரி, நம்மை ஓடவைக்கப் போகும் கட்டத்துக்கு முன்பாகவே அதைப் புதுப்பித்துவிட்டு, ஓடும் நேரத்தை மற்ற இரண்டுக்கும் வைத்துக்கொள்வது ஆட்டத்தின் ஒழுங்கு. இந்த ஓர் ஒழுங்கை மட்டும் பழகியவரையும் பழகாதவரையும் பதிவைப் பார்த்த உடனே பிரித்துவிடலாம்.

பழைய வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் முதலில் அவை எழுதப்பட்ட ஆண்டைப் பார்க்க வேண்டும். 2014 வரை, டாட் ஏற்றிய கணத்தில் நமக்கிருந்த பலம் அந்த டாட்டின் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது. எனவே பலம் கூடும் கணத்துக்காகக் காத்திருந்து ஏற்றுவதே அன்றைய பெரிய வித்தை. வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனோர் விரிவாக்கம் வந்தபோது அது நீங்கியது. இன்று பலம் மாற மாற டாட்டும் உடனுக்குடன் மாறுகிறது. ஃபைனல் ஃபேண்டசி 14 ஆடிவிட்டு வருபவர்கள் இங்கே குழம்புவார்கள், ஏனென்றால் அங்கே பழைய முறையே இன்னும் இருக்கிறது. 2019இல் வந்த கிளாசிக் என்ற பழைய பதிப்பிலோ பாண்டமிக்கும் இல்லை. அப்போது ஒரு பாஸின் மேல் மொத்தமே 16 டீபஃப்களுக்குத்தான் (எதிரிமேல் ஏற்றும் பாதக மந்திரங்களுக்குத்தான்) இடம் என்பதால், ரெய்டில் வார்லாக்கைக் கரப்ஷன் போடக்கூடாது என்று சொல்லிவிடுவதும் இருந்தது. டாட் வகுப்புக்கு டாட் போடத் தடை! அந்தக் கொடுமை இன்றைய பதிப்பில் இல்லை.

பயிற்சிக்குப் பணம் அதிகம் தேவையில்லை. 20ஆம் நிலை வரை சந்தா கட்டாமலேயே ஆடலாம் என்பதால், இந்த ஆட்டமுறை தமக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு ரிங்கிட்டை எடுக்கலாம். நகரங்களில் உள்ள பயிற்சிப் பொம்மையிடம் நிற்பதுதான் எல்லோரும் செய்வது. நான் பரிந்துரைப்பது ஒரே இடத்தில் நிற்காத பயிற்சி: சில விநாடிக்கு ஒருமுறை இடம் மாறுங்கள், இரண்டு மூன்று பொம்மைகளுக்கு இடையே இலக்கை மாற்றிக்கொண்டே இருங்கள், கண்ணைப் பொத்தான்கள்மேல் வைக்காமல் எதிரியின் தலைக்கு மேலே உள்ள பெயர்ப்பட்டையில் வையுங்கள். அந்தப் பட்டையிலேயே உங்கள் டாட்களின் மிச்ச நேரம் தெரியும்படி அமைப்பில் மாற்றிக்கொள்ளலாம். ஒற்றைப் பொம்மையிடம் எத்தனை மணி நேரம் நின்றாலும் இந்தப் பார்வைப் பழக்கம் வராது. அது வந்துவிட்டால், பல எதிரிகள் பிரிந்து நிற்கும் சண்டைகளில் அஃப்ளிக்ஷனுக்கு ஈடு சொல்வது கடினம்.

தேர்வு செய்பவர் என்ன பார்க்கிறார் என்பதற்கு வருவோம். ரெய்டு முடிந்ததும் சண்டைப் பதிவு வார்கிராஃப்ட் லாக்ஸ் தளத்துக்கு ஏறிவிடும். அங்கே அதே பிரிவை ஆடும் மற்றவர்களோடு ஒப்பிட்டு ஒவ்வொருவருக்கும் ஒரு மதிப்பு வரும்: 25க்குக் கீழே சாம்பல், 25இலிருந்து பச்சை, 50இலிருந்து நீலம், 75இலிருந்து ஊதா, 95இலிருந்து ஆரஞ்சு, 99க்கு இளஞ்சிவப்பு, 100க்குப் பொன்னிறம். எஸ்பிஎம் பள்ளித் தேர்வின் முடிவுத்தாளைப் பார்ப்பது போலவே எல்லோரும் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். பக்கத்துத் தாமானில் (குடியிருப்பில்) இருக்கும் ஆறாம் படிவ மாணவர் ஒருவர் என்னிடம், “அண்ணே, எனக்கு எப்பவும் பச்சைதான் வருது, கியர் சரியில்லையா?” என்று கேட்டார். “கியர விடு தம்பி, அகனி அப்டைம் எவ்வளவுனு பாரு” என்றேன். கியர் என்பது பாத்திரம் அணியும் ஆயுதமும் கவசமும்; அப்டைம் என்பது சண்டை நேரத்தில் எத்தனை விழுக்காடு அந்த மந்திரம் எதிரிமேல் இருந்தது என்பது. 70 சொச்சம் என்று வந்தது. சண்டை நேரத்தில் கால்வாசிக்கும் மேல் அவருடைய முதன்மை மந்திரம் பாஸின் மேல் இல்லை. ஒற்றை பாஸ் சண்டையில் அந்த எண் 95க்கு மேல் இருந்தால்தான் ஆடத் தெரிந்தவர் என்று கொள்வார்கள். நல்ல கில்டின் தலைவர் நிறத்தைக் கடந்து இந்த எண்ணுக்கே போகிறார். கியரை அவர்களே தரமுடியும், அப்டைமைத் தரமுடியாது.

நிறத்தைத் துரத்துவதில் இன்னொரு கேடும் உண்டு. பாஸோடு வரும் சிற்றெதிரிகள் எல்லோர்மேலும் டாட் தூவினால் மொத்தச் சேதம் உயர்ந்து தோன்றும். ஆனால் ஐந்து விநாடியில் சாகப்போகிறவன்மேல் 18 விநாடி மந்திரத்தை ஏற்றுவது பெரும்பாலும் வீண். ஏற்றுவதற்கு முன் ‘இவன் எத்தனை விநாடி உயிரோடிருப்பான்’ என்று கேட்டுக்கொள்ள வேண்டும். டாட்டின் காலத்தில் பாதியாவது இருக்கமாட்டான் என்றால் முதன்மை இலக்கிலேயே கையை வைப்பது என் வழக்கம். சிற்றெதிரிகள் மின்னலாய்ச் செத்து விழும் சண்டையில் அஃப்ளிக்ஷன் பின்தங்கத்தான் செய்யும். அதைத் தலைவரும் அறிவார்.

வார்லாக்கிடம் சேதத்தைத் தவிர வேறு கடமைகளும் எதிர்பார்க்கப்படுகின்றன. சண்டை தொடங்கும் முன் எல்லோருக்கும் ஹெல்த்ஸ்டோன் (உயிரை மீட்கும் கல்) கிடைக்கும்படி சோல்வெல் வைப்பது, குழு வேகமாக இடம் மாற டெமானிக் கேட்வே திறப்பது, விழுந்த ஹீலரை (குழுவைக் குணப்படுத்துபவரை) சோல்ஸ்டோனால் எழுப்புவது ஆகியவற்றைக் கேட்கும் முன்பே செய்பவர் கண்ணில் படுவார். கேட்வேயை எந்த இடத்தில் வைக்கலாம் என்று சண்டையின் காணொளியைப் பார்த்து முன்னாடியே யோசித்து, ரெய்டு தொடங்கும் முன் ஒரு வரியில் தலைவரிடம் சொன்னது, என்னுடைய தேர்வுக் காலத்தில் எந்த நிறத்தைவிடவும் எனக்கு உதவியது என்றே நினைக்கிறேன்.

நேரக்கணக்கு நம் ஊர்க்காரர்களுக்கென்றே உள்ள பாடம். சிட்னியில் இரவு 8 மணி ரெய்டு என்றால் நமக்கு மாலை 6. அக்டோபர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதால், அதன் பிறகு ஏப்ரல் வரை அது மாலை 5 ஆகிவிடும். ஆலையில் காலை ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது வசதி. புறப்பாடம் முடிந்து பள்ளிப் பேருந்தில் வருபவர்களுக்கு முடியாத காரியம். போதாக்குறைக்கு, பருவமழைகளுக்கு இடைப்பட்ட அக்டோபரிலும் நவம்பரிலும் நம் பக்கத்தில் இடியும் மழையும் மிகுவது அந்த மாலை வேளையில்தான். வானம் கறுத்தால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கிவிடும் அம்மாக்கள் இல்லாத வீடு எங்கள் தாமானில் குறைவு. எனவே விண்ணப்பத்திலேயே இரண்டு நேரங்களையும் எழுதி, எந்த மாதங்களில் வர இயலாது என்பதையும் சொல்லிவிடுங்கள். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்திருந்து, இணைப்பு போனால் டிஸ்கார்டில் (குழு பேசிக்கொள்ளும் செயலியில்) ஒரு வரி போட்டுவிட்டால் எவரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. சொல்லாமல் காணாமல் போவதுதான் ஆளை வெளியே அனுப்பும்.

ஆங்கிலத்தில் பேசக் கூச்சப்படுபவர்கள் அதற்காக விண்ணப்பிக்காமல் இருக்க வேண்டியதில்லை. சண்டையின்போது டிஸ்கார்டில் தலைவரைத் தவிர மற்றவர்கள் பேசுவது மிகக் குறைவு. ஸ்டாக் (ஒன்றுகூடு), ஸ்ப்ரெட் (பிரிந்து நில்), சோக் (அடியை ஏற்றுக்கொள்), கேட்வே அப் (கேட்வே திறந்தாயிற்று) போன்ற சில சொற்கள் காதில் விழுந்தவுடன் கால் நகர வேண்டும், அவ்வளவே.

கடைசியாக, தேர்வுக் காலத்தில் ஏதாவது ஒரு வாரம் தலைவர், “இந்த பாஸுக்கு டெஸ்ட்ரக்ஷனில் வரமுடியுமா?” என்று கேட்கக்கூடும். டெஸ்ட்ரக்ஷன் என்பது வார்லாக்கின் மற்றொரு பிரிவு. சிற்றெதிரிகள் விரைவில் சாகும் சண்டைகளில் இது இயல்பான கேள்வி. உங்களை மட்டம் தட்டுவதாக எண்ண வேண்டாம். அந்தப் பிரிவின் டேலண்ட்களையும் பொத்தான் வரிசையையும் முன்பே சேமித்து வைத்திருங்கள். அதில் வரும் இம்மொலேட்டும் ஒரு டாட்தான், 30 விழுக்காட்டுக் கணக்கு அதற்கும் அப்படியே பொருந்தும். எனவே அஃப்ளிக்ஷனை ஒழுங்காகப் பழகியவருக்குப் புதிதாகக் கற்க வேண்டியது அதன் பெரிய அடியான கேயாஸ் போல்ட்டை எப்போது எறிவது என்பதும், நம் அடியை இரண்டாம் இலக்குக்கும் கொண்டுபோகும் ஹேவக்கை எந்த இலக்கின் மேல் வைப்பது என்பதும்தான். அதற்குப் பயிற்சிப் பொம்மையிடம் ஒரு மாலை போதும். பழகவில்லை என்றால் பழகவில்லை என்றே சொல்லுங்கள்; பெரும்பாலான தலைவர்கள் அந்த ஒரு பாஸுக்கு உங்களை வெளியே அமர்த்திவிட்டு அடுத்ததற்கு அழைத்துக்கொள்வார்கள்.