12 மாசமும் ஒரு நாளும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன். என் பழைய ரூம்மேட் ஒருத்தன், பேரு வேணாம், கோவிட் டைம்ல இங்க அமெரிக்கால சின்ன கம்பெனிகளுக்கு கவர்மெண்ட் குடுத்த பிபிபி லோன்ல கணக்க மாத்தி எழுதி மாட்டிக்கிட்டான். அவன் கன்சல்டன்சில வேலை பாத்தது ரெண்டு பேரு, பேப்பர்ல பதினோரு பேரு. தப்பு தப்புதான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு கிடையாது. ஆனா ஃபெடரல் கேஸ்ல, அதாவது மத்திய அரசு போடற கேஸ்ல, தண்டனை எப்படி முடிவாகுதுன்னு எங்க யாருக்குமே தெரியாம ஆரம்பத்துல பட்ட பாடு இருக்கே, அத இன்னொரு குடும்பம் படக்கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

முதல் அடி செய்தில வந்துச்சு. "20 ஆண்டு வரை சிறை"ன்னு போட்டிருந்தாங்க, அத எவனோ வாட்ஸ்ஆப்ல திருவாரூர் வரைக்கும் அனுப்பிட்டான், அவங்க அம்மா ரெண்டு நாள் சாப்பிடல. போன், இன்டர்நெட் வழியா பண்ற மோசடிய வயர் ஃபிராடுன்னு சொல்றாங்க, அதுக்கு சட்டத்துல உச்சபட்சம் 20 வருஷம், அது உண்மை. ஆனா ஜட்ஜ் அங்கேருந்து ஆரம்பிக்கறது இல்ல.

வக்கீலம்மா தண்டனை அட்டவணைன்னு ஒரு பேப்பர எடுத்து மேசைல விரிச்சாங்க. 43 வரிசை, 6 கட்டம், அவ்ளோதான். குத்தம் எவ்ளோ பெருசோ அந்த வரிசை, பழைய கேஸ் எத்தனையோ அந்தக் கட்டம், ரெண்டும் சந்திக்கற எடத்துல மாசக்கணக்கு போட்டிருக்கும், நம்ம தாத்தா பஞ்சாங்கத்துல விரல வச்சு ராகுகாலம் பாப்பாரே அதே மாதிரி இவங்களும் விரல வச்சுத்தான் பாத்தாங்க. மோசடிக்கு 7ஆவது வரிசைல ஆரம்பம். நஷ்டம் ஒன்றரை லட்சம் டாலரத் தாண்டுனதால 10 கூடி 17. தப்ப ஒத்துக்கிட்டா 3 கழியும், 14. இதுக்கு முன்னாடி எந்தக் கேஸும் இல்லாதவனுக்கு 2023 நவம்பர்ல புதுசா வந்த சலுகைல இன்னொரு 2 கழிஞ்சு 12. அந்தக் கட்டத்துல 10லேருந்து 16 மாசம்னு இருந்துச்சு. 20 வருஷம் எங்க, 10 மாசம் எங்க. அவன் பொண்டாட்டி அன்னைக்குத்தான் முதல்தடவை அழுதா.

2005ல சுப்ரீம் கோர்ட் இந்தக் கட்டம் ஜட்ஜக் கட்டுப்படுத்தாது, யோசனைதான்னு சொல்லிருச்சு. ஆனா பேச்சு அங்கேருந்துதான் ஆரம்பிக்கும். இன்னொன்னு, இங்க தண்டனை ஆகறவங்கள்ல 100க்கு 97 பேரு போல விசாரணைக்கே போகாம ஒத்துக்கிட்டவங்க. சினிமால வர்ற மாதிரி ஜூரி, அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர் எல்லாம் எதிர்பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க.

நெஜமான சண்டை நடக்கறது பிஎஸ்ஆர்னு, தண்டனை சொல்றதுக்கு முன்னாடி தயார் பண்ற ஒரு ரிப்போர்ட்ல. கோர்ட்டோட புரொபேஷன் ஆபீசர் பிறப்புலேருந்து பேங்க் பேலன்ஸ் வரைக்கும் கேட்டு எழுதுவாரு. குடிப்பியான்னு கேட்டாரு, பொண்டாட்டி பக்கத்துல உக்காந்திருந்தா, இவன் "சேச்சே"ன்னுட்டான்! ரூம்ல வாராவாரம் பாட்டில எடுத்துப் போட்டவன் நான். வக்கீலம்மா தனியா கூப்புட்டு திட்டுனதும் போய் திருத்திச் சொன்னான். அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்லங்க, உள்ள போதைக்கும் குடிக்கும் ஒரு புரோகிராம் இருக்கு, முடிச்சா சிலருக்கு ஒரு வருஷம் வரைக்கும் குறையும், அதுக்கு இந்த ரிப்போர்ட்டத்தான் பாப்பாங்க. இவனுக்கு தண்டனை சின்னதுங்கறதால அது ஒத்து வரல. ரிப்போர்ட் வந்ததும் ஆட்சேபம் சொல்ல 14 நாள்தான் டைம். வரிக்கு வரி படிங்க. எந்த ஜெயில், எந்த மாத்திரைன்னு உள்ள போனப்பறமும் இதுதான் பேசும்.

அடுத்து லெட்டர். சொந்தக்காரங்க நண்பர்கள் எல்லாம் ஜட்ஜுக்கு எழுதணும், ஆனா நேரா அனுப்பக்கூடாது, வக்கீல் மூலமாத்தான். மொத்தம் 14 வந்துச்சு, வக்கீலம்மா 9 தூக்கிப் போட்டுட்டாங்க. ஏன்னா நம்ம ஆளுங்க எழுதறது எப்படி இருக்கும்? "எங்களுடையது கௌரவமான குடும்பம், இவன் எறும்புக்கும் தீங்கு செய்யாதவன், யாரோ சிக்க வைத்து விட்டார்கள்." அவங்க பெரியப்பா ரெண்டு பக்கத்துக்கு அதையே எழுதிருந்தாரு. ஒத்துக்கிட்டதாலதான் 3 கழிஞ்சிருக்கு, இங்க போய் அவன் நிரபராதின்னு சொன்னா கதை கந்தல். கடைசில எடுபட்டது பக்கத்து வீட்டு அம்மா எழுதினது, அவங்க வீட்டுக்காரரு கீமோக்கு போன நாலு மாசமும் இவன்தான் கார் ஓட்டுனான்னு அஞ்சே வரி.

தண்டனை நாள். எங்களுக்கு முன்னாடி இன்னொரு கேஸ், 24, 25 வயசுப் பையன், மெத்துங்கற போதைப்பொருள் கேஸ். சுத்தமான மெத் 50 கிராமோ அதுக்கு மேலயோ இருந்தா குறைஞ்சபட்சமே 10 வருஷம், அங்க கட்டத்துக்கெல்லாம் பெருசா வேலை இல்ல. ஜட்ஜ் 120 மாசம்னு சொன்னப்போ தலைய நிமித்தல. 1986ல போதைப் பயத்துல எழுதின சட்டம் இது, அப்போ கிராக்குன்னு சொல்ற கட்டி கொக்கெய்ன் 5 கிராமுக்கும் பவுடர் கொக்கெய்ன் 500 கிராமுக்கும் ஒரே 5 வருஷம், கிராக்குக்காக உள்ள போனவங்க பெரும்பாலும் கறுப்பினத்தவங்க. தண்டனை முடியறதுக்கு முன்னாடியே நிபந்தனையோட வெளிய விடற பரோலையும் 1984லயே எடுத்துட்டாங்க. 1980ல ஃபெடரல் ஜெயில்ல சுமாரா 25 ஆயிரம் பேரு, 2013ல 2 லட்சத்து 19 ஆயிரம். எடம் எங்கேருந்து வரும்?

எங்க வக்கீலம்மா கடைசியா கேட்டது ஒரு விநோதமான விஷயம். "12 மாதம் வேண்டாம், 12 மாதமும் ஒரு நாளும் கொடுங்கள்." எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு, யாராவது தண்டனைய கூட்டிக் கேப்பாங்களா! விஷயம் என்னன்னா ஒரு வருஷத்துக்கு மேல இருந்தாத்தான் நன்னடத்தைக் கழிவு உண்டு, வருஷத்துக்கு 54 நாள். சரியா 12 மாசம்னா முழுசா இருக்கணும், ஒரு நாள் கூடுனா பத்தே கால் மாசம். ஜட்ஜ் அப்படியே குடுத்தாரு. பணம் முழுசும் திருப்பிக் கட்டணும், வீட்ட வித்துட்டாங்க, அது தனிக் கதை.

கேம்ப்னு சொல்ற வேலியில்லாத ஜெயில் கிடைக்கும்னு நெனச்சோம். கிரீன் கார்டு ஆளு, டிபோர்ட் ஆக வாய்ப்பு இருக்கறவன்னு லோ செக்யூரிட்டின்னு சொல்ற வேலி போட்ட ஜெயில்ல போட்டாங்க. பெரிய ஹால், இடுப்புயர சுவர் வச்ச தடுப்புகள், ரெண்டு பேருக்கான எடத்துல மூணு பேரு. ராத்திரி எவனாவது இருமுனா மொத்த ஹாலும் இருமும்னு சொல்வான். பாக்கப் போறப்போ காக்கி கலர் டிரெஸ் போட்டுட்டு நான் வாசலோட திரும்பி வந்தேன் ஒருதடவை, ரெண்டரை மணி நேர டிரைவ், வேற சட்டை வண்டில வச்சுக்கோங்க.

அவன் பக்கத்துப் படுக்கைல ஒரு பெரியவர், எழுபதத் தாண்டினவர், இருபது வருஷத்துக்கு மேல உள்ள. 2018ல டிரம்ப் கையெழுத்துப் போட்ட ஃபர்ஸ்ட் ஸ்டெப் ஆக்ட்ங்கற ஜெயில் சீர்திருத்தச் சட்டம் வந்தப்பறம் வயசு, உடம்பக் காட்டி விடுதலை கேட்டு, முதல்ல ஜெயில் நிர்வாகத்துக்கிட்ட கேட்டுப் பாத்துட்டு, கைதியே கோர்ட்டுக்கு மனு போடலாம், அந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடி ஜெயில் நிர்வாகம் மட்டும்தான் போட முடியும். லைப்ரரில இருக்கறது பழைய எலக்ட்ரிக் டைப்ரைட்டர். வெளிய ஜாவா புரோகிராம் எழுதிட்டு இருந்த இவன் ரெண்டு வாரம் உக்காந்து அவருக்கு மனு தட்டிக் குடுத்தான். உருப்படியா செஞ்ச வேலை இதுதான்டான்னு போன்ல சொன்னான், நான் பதில் சொல்லல. அந்த மனு என்னாச்சுன்னு தெரியறதுக்குள்ள இவன் தேதி வந்துருச்சு.

அதே சட்டம் வகுப்புக்குப் போனா மாசத்துக்கு 10, 15 நாள் கழிவு குடுக்குது, ஆனா நாட்ட விட்டு அனுப்பணும்னு இறுதி ஆர்டர் ஆனவங்களுக்கு அது கிடையாது. அதோட, 10 ஆயிரம் டாலருக்கு மேல நஷ்டம் வர்ற மோசடி கிரீன் கார்டுக்கே வேட்டு வைக்கும். குத்தத்த ஒத்துக்கறதுக்கு முன்னாடியே இமிகிரேஷன் வக்கீலையும் பாருங்க, நாங்க பாத்தது அப்பறம்தான்.

விடுதலை அன்னைக்கு காலைல அவன் ஜாக்கெட்ட எடுத்துக்கிட்டு நானும் அவன் பொண்டாட்டியும் வாசல்ல நின்னோம். வேற கேட் வழியா இமிகிரேஷன் வண்டி ஏத்திட்டுப் போயிருச்சுன்னு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் சொன்னாங்க. இப்ப இமிகிரேஷன் காவல்ல, டிடென்ஷன்ல இருக்கான், அடுத்த மாசம் ஹியரிங். "அண்ணா, மறுபடியும் லெட்டர் வாங்கணுமாம்"னு நேத்து அவ போன் பண்ணா. பெரியப்பாகிட்ட நான் முன்னாடியே பேசிட்டேன், இந்தத் தடவை அஞ்சு வரி போதும்னு.