“நான் நல்லாத்தானே இருக்கேன்”

கதவைத் திறக்கிறார் ஜெனிஃபர் பீட்டர்சன். வாசலில் மார்லா கிரேசன், கையில் கோர்ட் உத்தரவு, கூடவே போலீஸ். இனிமேல் உங்கள் கார்டியன் நான், உங்களையும் உங்கள் பணத்தையும் கவனிக்கக் கோர்ட் என்னை நியமித்திருக்கிறது, கிளம்புங்கள் என்கிறாள். அந்த அம்மாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நான் நல்லாத்தானே இருக்கேன், எனக்கு எதற்குக் கார்டியன் என்று திகைத்துப்போய்க் கேட்கிறார். கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு காரில் ஏற்றப்படுகிறார்.

இது ஜே. பிளேக்சன் எழுதி இயக்கிய ‘ஐ கேர் எ லாட்’ (2020) படத்தில் வரும் காட்சி. முதியவர்களுக்குக் கார்டியனாகி அவர்கள் சொத்தைச் சுருட்டுவதுதான் மார்லாவின் தொழில். படம் அதற்கப்புறம் மாஃபியா, வைரம், கடத்தல் என்று ஓடுகிறது. அந்தப் பாதியை நான் மறந்துவிடுவேன். வாசலில் நடக்கிற அந்தப் பேச்சு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. அமெரிக்காவில் உயில், கார்டியன் வழக்குகளைப் பார்க்கும் புரோபேட் கோர்ட்டுகளில் இந்த மனுக்களைக் கையாளுகிறவர்கள் எவருக்கும் அந்த வாக்கியம் பழக்கமானது. நன்றாக இருப்பவர் அதைச் சொல்வார். டிமென்ஷியா என்கிற மறதி நோய் முற்றியவரும் அதே கோபத்தோடு அதையே சொல்வார். தனக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவது அந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அதனால் ஒருவர் எவ்வளவு மறுத்தாலும் அந்த மறுப்புக்கு எடை கிடைப்பதில்லை. ‘தன் நிலை குறித்த உணர்வு இல்லை’ என்று அந்த மறுப்பே மனுவில் ஒரு வரியாக ஏறிவிடுவதும் உண்டு. ஏறிய பிறகு அதை எப்படி மறுப்பது?

பேச்சை வைத்து முடிவெடுக்க முடியாது என்றால் வீட்டைத்தான் பார்க்க வேண்டும். ஏழு நாளுக்கு ஏழு அறை வைத்த மாத்திரை டப்பாவை முதலில் திறக்க வேண்டும். இன்று வியாழக்கிழமை, திங்கட்கிழமை அறையில் மாத்திரை அப்படியே கிடக்கிறதா? ஃப்ரிட்ஜில் இருக்கும் பால் எந்தத் தேதியது? பிரிக்காத தபால்கள் எத்தனை, அதில் மின்சாரத்தைத் துண்டிக்கப்போவதாக எச்சரிக்கை ஏதும் உண்டா? செக் புத்தகத்தில் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருக்கிறதா? இந்த நான்கையும் பார்க்க ஒரு மணி நேரம் போதும். ஜெனிஃபர் வீட்டில் யாரும் அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கவில்லை. மார்லாவோடு கைகோர்த்த டாக்டர் ஆமோஸின் வார்த்தை மட்டும் நீதிபதி முன்னால் போகிறது. அவசரம் என்று சொன்னதால் நீதிபதியும் கையெழுத்துப் போடுகிறார்.

டாக்டர் சான்றிதழில் ‘டிமென்ஷியா’ என்ற சொல் எல்லார் கண்ணிலும் படும். பழகியவர்கள் முதலில் தேடுவது பரிசோதித்த தேதியை. மாசசூசெட்ஸில் அது மனுவுக்கு முந்தைய 30 நாளுக்குள் இருக்க வேண்டும். எண்பது வயதில் சிறுநீர்த் தொற்று வந்தால் போதும், ஆள் திசை தெரியாமல் உளறுவார், பிள்ளைகளின் பெயரை மாற்றிச் சொல்வார். ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பலருக்குச் சில நாளில் தெளிந்துவிடும், சிலருக்கு வாரக்கணக்காகும். உடம்பில் நீர் வற்றினாலும், புதுத் தூக்க மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போனாலும், பி12 குறைந்தாலும் இதே கோலம்தான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாளில் எழுதிய சான்றிதழை வைத்து வாழ்நாள் முழுமைக்கும் உத்தரவு வாங்கினால் அது அநியாயம். மோகா என்கிற நினைவாற்றல் சோதனையில் 30க்கு 26 வந்தால் இயல்பு என்பார்கள். காது மிஷின் போடாமல் உட்கார்ந்தாலே மதிப்பெண் இறங்கும். ஆங்கிலம் தடுமாறுகிற நம் ஊர் அம்மா அப்பாக்களை அங்கே ஆங்கிலத்தில் சோதித்தால் என்ன வருமென்று சொல்லத் தேவையில்லை.

இதையெல்லாம் எழுதும்போது, சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்காமலே கார்டியனை நியமிக்கக் கேட்கிற அவசர மனு என்கிற வழியையே அடைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் மனம் ஒப்பவில்லை. பவர் ஆஃப் அட்டர்னியைக் கையில் வைத்துக்கொண்டு கிழவியின் கணக்கிலிருந்து தினமும் பணம் எடுக்கிற உறவினரை யோசித்துப் பாருங்கள். முறைப்படி நோட்டீஸ் கொடுத்தால் அது அவருக்கும் போகும். இரண்டு வாரம் கழித்து விசாரணை வரும்போது கணக்கில் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இப்படிப்பட்ட கேஸில், நோட்டீஸ் தர அவகாசமில்லை என்ற கட்டத்தில் டிக் போடுவது சரிதான். அந்த டிக்கால் காப்பாற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மார்லாவின் மனுவிலும் அதே கட்டத்தில் அதே டிக்தான் இருந்திருக்கும். காகிதத்தை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பல மாநிலங்களுக்குப் பொது மாதிரியாக 2017இல் எழுதப்பட்ட சட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நோட்டீஸ் இல்லாமல் நியமித்தால் 48 மணி நேரத்துக்குள் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும், ஐந்து நாளுக்குள் விசாரணை நடத்த வேண்டும். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைக்கிறேன். ஆனால் ஐந்து நாள் என்பது எவ்வளவு நீளம் என்றும் யோசிக்கிறேன். முதல் நாளே உத்தரவின் சான்றிட்ட நகல்கள் வங்கிக்குப் போகும். பூட்டு மாறும். தபால் வேறு முகவரிக்குத் திருப்பப்படும். செல்போன் பறிபோனால் வெளியே யாருக்கும் சேதி போகாது. படத்தில் ஜெனிஃபருக்கு நடந்ததும் அதுதான், அவர் போன் வாங்கி வைக்கப்படுகிறது. ஐந்தாவது நாள் விசாரணைக்கு வருகிறவர் வீடு, மாத்திரை, தூக்கம் எல்லாம் மாறிப்போய், உண்மையிலேயே குழம்பிய முகத்தோடு வந்து நிற்பார்.

இது வெறும் கற்பனை என்று யாராவது சொன்னால் லாஸ் வேகாஸைக் காட்டலாம். அங்கே தொழில்முறை கார்டியனாக இருந்த ஏப்ரல் பார்க்ஸ் மீது 2017 மார்ச்சில் 200க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் பதிவாயின. 2018இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2019 ஜனவரியில் 16 முதல் 40 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ராத்திரியில் பூட்டு உடைத்துத் திருடவில்லை. கோர்ட் கொடுத்த அதிகாரத்தோடு, பில் போட்டு எடுத்தார். இந்தத் தொழிலில் மணியைப் பத்தில் ஒரு பங்காகப் பிரித்து எழுதுவார்கள்: 0.1 என்றால் ஆறு நிமிடம். ஒரு கடிதம் பிரிக்க 0.1, ஒரு போன் 0.2. மணிக்கு 100 டாலர் என்றால் அந்தக் கடிதம் 10 டாலர். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு வரியிலும் குற்றமில்லை. ஒரே கார்டியன் ஒரே நாளில் வெவ்வேறு ஆட்களுக்குப் போட்ட பில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டினால்தான் வேஷம் கலையும். ஒரே அலைச்சலுக்குப் பலரிடம் மணி எழுதியிருப்பது தெரியும். ஆனால் கோர்ட்டில் கோப்புகள் ஆள்வாரியாகத்தான் அடுக்கப்படுகின்றன. கூட்டிப் பார்ப்பது யார் வேலை என்பது பல இடங்களில் எழுதப்படவே இல்லை. இறந்துபோன சிலரின் அஸ்திக் கலசங்கள் பார்க்ஸ் தொடர்புடைய ஒரு வாடகைக் கிடங்கில் கிடந்தன. அதற்கு எந்தப் பில்லில் எத்தனை நிமிடம் எழுதியிருப்பார்களோ, அதை நினைக்கக்கூட முடியவில்லை.

அந்த வாசலுக்கே திரும்பி வருகிறேன். ஜெனிஃபர் எதிர்த்து வழக்காட வேண்டுமென்றால் வக்கீலுக்குப் பணம் வேண்டும். பணமோ கார்டியன் கையில். எதிர்த்து வாதாட கார்டியன் வைக்கிற வக்கீலுக்கும் பெரும்பாலும் அதே பணத்திலிருந்துதான் கட்டணம் போகும். லாஸ் வேகாஸ் இருக்கிற நெவாடா மாநிலம் 2017இல் சட்டத்தை மாற்றி, இப்படி மனு வந்தவருக்குக் கோர்ட்டே வக்கீல் நியமிக்க வேண்டும் என்றது. அந்த வக்கீலின் கடமை, தன் கட்சிக்காரருக்கு எது நல்லது என்று தானே தீர்மானிப்பதல்ல. அவர் என்ன விரும்புகிறாரோ அதைக் கோர்ட்டில் எடுத்துச் சொல்வது. ஜெனிஃபர் முதலில் சொல்லப்போவது, நான் நல்லாத்தானே இருக்கேன், வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான். வக்கீல் எழுந்து நின்று அதையே சொல்வார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்து தூங்கிப்போகிற இன்னொரு அம்மாவுக்கும் அவர் அதையேதான் சொல்லியாக வேண்டும்.