இடி மழையும் 12 மெகாபிட் லைனும்

கோடை மழை பிடித்தால் பம்ப் ஹவுஸுக்குத் தகவல் கொண்டு போகும் கேபிள் லைன் செத்துவிடும் என்பது எங்கள் மெயின்டனன்ஸ் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். மின்னல் கட்டடத்தின் மேலேயே விழ வேண்டியதில்லை. கொஞ்சம் தள்ளி விழுந்தாலும், இரண்டு கட்டடங்களின் எர்த்துக்கு நடுவே ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கணம் எழுந்து அடங்கிவிடும். லைனின் முனைகளில் சிக்னலை அனுப்பி வாங்கும் ஆர்எஸ்-485 சிப்பின் வேலை வரம்போ −7 முதல் +12 வோல்ட் வரைதான்.

"இரண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே சார் படிக்குது, அப்புறம் ஏன் எரியுது?" என்று புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்பார்கள். நல்ல கேள்வி. இரண்டு கம்பியும் சேர்ந்தே எகிறினாலும், சிப்பின் எர்த்தை வைத்துப் பார்த்தால் அது எகிறல்தான்.

நொடிக்கு 9600 பிட் வேகத்தில் ஓடும் மோட்பஸ் (ஆலைக் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு முறை) லைன்களில், வோல்டேஜ் எகிறினால் கடத்திவிடும் வாரிஸ்டர் போட்டு நன்றாகவே சமாளித்திருந்தார்கள். அதையே நொடிக்கு 12 மெகாபிட் ஓடும் புரோஃபிபஸில் (அதே வேலைக்கான இன்னொரு முறை) போட்டதும், மேகமே இல்லாத பகலில் லைன் தடுமாறியது. வாரிஸ்டரின் கொள்திறன் (மின்னேற்றத்தைத் தேக்கிக்கொள்ளும் அளவு) 1000 பிகோஃபாரட் அளவு. 150 ஓம் கேபிள் இரு பக்கமும் போவதால் அது பார்ப்பது 75 ஓம். பெருக்கினால், சிக்னல் மாறுவதில் வரும் தாமதம் 75 நானோநொடி அளவு. ஒரு பிட்டின் மொத்த நேரமே 83 நானோநொடி! 9600-இல் ஒரு பிட்டுக்கு 104 மைக்ரோநொடி இருப்பதால் அங்கே இது தெரியவே தெரியாது.

அதனால் வேகமான லைனுக்குப் பாதுகாப்பை அடுக்கடுக்காகத்தான் வைக்க வேண்டும். கேபிள் நுழையும் இடத்தில் வாயுக் குழாய்; வோல்டேஜ் எகிறினால் உள்ளே வாயு பற்றிக்கொண்டு சர்ஜை, அதாவது திடீர் மின் எகிறலை, எர்த்துக்குக் கடத்தும். அதன் கொள்திறன் ஓரிரு பிகோஃபாரட்தான், ஆனால் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அதுவரை சிப்பின் பக்கத்தில் உள்ள கொள்திறன் குறைந்த டிவிஎஸ் டயோடு (உடனே விழித்து வோல்டேஜை மட்டுப்படுத்துவது) தாங்கும். நடுவில் சில ஓம் ரெசிஸ்டர்கள். அவற்றில் விழும் வோல்டேஜ்தான் குழாயைப் பற்ற வைக்கிறது. குழாய் மூன்று முனை உள்ளதாக இருக்க வேண்டும். தனித்தனியாக இரண்டு போட்டால் ஒன்று முந்திப் பற்றும். அந்த இடைவெளியில் முழு சர்ஜும் இரண்டு கம்பிகளுக்கு நடுவே வந்துவிடும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் எரிந்த பேனல்களைப் பார்த்திருக்கிறேன். காரணம், இந்தப் பாதுகாப்பை எர்த்தோடு இணைக்கும் பச்சை வயரின் நீளம். ஒரு மீட்டர் வயருக்குச் சுமார் 1 மைக்ரோஹென்றி தூண்டல் (கரண்ட் திடீரென ஏறுவதை எதிர்க்கும் குணம்). 1000 ஆம்பியர் 8 மைக்ரோநொடியில் ஏறினால் அந்த வயரில் மட்டும் 125 வோல்ட். அழகாக வளைத்து டை போட்டுக் கட்டியிருப்பார்கள். நான் பார்க்கும் பேனலில் எல்லாம் அதைத்தான் முதலில் வெட்டிக் குட்டையாக்குவேன். விலை உயர்ந்த சர்ஜ் அரெஸ்டரைவிட அந்த வெட்டு அதிகம் காப்பாற்றும்.

கட்டடம் விட்டுக் கட்டடம் புதிதாக இழுப்பதென்றால் மின்சாரம் கடத்தாத ஃபைபர்தான் கேட்பேன். பழைய ஆலைகளில் செம்பு ஏற்கெனவே மண்ணுக்குள் கிடக்கிறது, தோண்ட யாரும் சம்மதிப்பதில்லை. இந்த வேலையெல்லாம் அங்கேதான்.