‘திருடிட்டாங்க’ என்ற ஒரு சொல்

ஆங்கிலத்தில் வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் வாய்மொழி மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த புதிதில், நான் சறுக்கியது ஒரே ஒரு வினைச்சொல்லில். சாட்சிக் கூண்டில் வயதான அம்மா ஒருவர். “கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பார்த்தா, வீட்டுல திருடிட்டாங்கய்யா” என்றார். சாட்சி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘அவர் இப்படிச் சொல்கிறார்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே வீட்டைப் பறிகொடுத்த குரலிலேயே, “ஐ வாஸ் ராப்டு” (robbed) என்றேன்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். உங்களை யார் அடித்தார்கள், யார் மிரட்டினார்கள் என்று கேட்டார். “நான்தான் வீட்டுலயே இல்லையே, என்னை எப்படி அடிப்பாங்க?” என்றார் அம்மா. பிறகு ஏன் ராப்டு என்றீர்கள் என்று அடுத்த கேள்வி. அம்மா திருதிருவென்று என்னைப் பார்த்தார். சொல்லாத ஒன்றைச் சொன்னதாக அவர் மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டிவிட்டது நான். கையை உயர்த்தி, “மொழிபெயர்ப்பாளர் தம் பிழையைத் திருத்த விரும்புகிறார்” என்றேன். சாட்சிக்காக ‘நான்’ என்று பேசுகிற எங்களுக்கு, எங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் படர்க்கைதான். அன்றைக்கு அது எனக்கு வசதியாக இருந்தது. பிழை செய்தது யாரோ மாதிரி.

வீட்டுக்கு வந்து அகராதியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுச் சட்டப் புத்தகத்தைத் திறந்தேன். இங்கிலாந்தின் 1968ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தில், தெஃப்ட் என்றால் அடுத்தவர் பொருளைத் திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் நேர்மையற்ற முறையில் தனதாக்கிக்கொள்வது. திருடுவதற்காக அடித்தாலோ, அடிவிழும் என்று பயமுறுத்தினாலோதான் ராபரி. பர்க்ளரி இன்னும் வேடிக்கை. அத்துமீறி ஒரு கட்டிடத்துக்குள் நுழைய வேண்டும். திருடும் எண்ணத்தோடு நுழைந்தாலே போதும், ஒரு கரண்டிகூடக் கையில் சிக்காமல் திரும்பினாலும் அது பர்க்ளரிதான். முன்பெல்லாம் அதற்கு இரவு நேரமும் தேவைப்பட்டது. 1916ஆம் ஆண்டுச் சட்டம் இரவு என்பதை ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை என்று வரையறுத்தே வைத்திருந்தது. எட்டே முக்காலுக்குப் பூட்டை உடைத்து நுழைந்தவன் வேறு பெயரில்தான் குற்றவாளி!

நம் ‘திருடிட்டாங்க’ இந்த மூன்றையும் ஒரே மூச்சில் விழுங்கிவிடும். அதில் எது என்று நான் தேர்ந்தெடுத்தால், விசாரணை முடிவதற்குள் நானே ஒரு பிரிவைப் போட்டுவிடுகிறேன் என்று அர்த்தம். இப்போதெல்லாம், “வீட்டிலிருந்து பொருள்களை எடுத்துப் போய்விட்டார்கள்” என்பது போலப் பொத்தாம்பொதுவான ஆங்கிலத்தில் சொல்லிவிடுவேன். எந்தப் பெயர் வைப்பது என்பது வக்கீல்கள் பாடு.

தமிழ் கைகொடுக்கும் இடங்களும் உண்டு. அசால்ட், பேட்டரி என்று ஒரு ஜோடி. சேர்ந்தே வருவதால் இரண்டும் ஒன்று என்று நெடுநாள் நினைத்திருந்தேன். ஆங்கிலப் பொதுச்சட்டத்தில் அசால்ட் என்பது இதோ அடிபடப் போகிறோம் என்று எதிராளியை அஞ்சவைப்பது. கை மேலே பட்டால்தான் பேட்டரி. புரிந்துகொள்ளச் சிரமப்பட்ட இந்த வித்தியாசத்தை ஒரு சாட்சி ஒரே வரியில் சொல்லிக் கொடுத்தார்: “அடிக்க வந்தான் சார், ஆனா அடிக்கல.” ‘அடிக்க வந்தான்’ என்பதுதான் அசால்ட். பேட்டரி என்பதை மின்கலம் என்று எழுதிய ஒரு வரைவையும் நான் திருத்தியிருக்கிறேன், அதை விடுங்கள்.

எழுத்து மொழிபெயர்ப்பில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. சென்டென்ஸ் என்பது வாக்கியமாகி, நீதிபதி கைதிக்கு மூன்று ஆண்டு வாக்கியம் வழங்குவார். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்கும் ஹவ் டு யூ ப்ளீட் என்ற கேள்வி, ‘எப்படிக் கெஞ்சுகிறீர்கள்?’ ஆகியிருக்கும். எக்ஸிக்யூட் என்றால் உயிலைப் பொறுத்தவரை கையெழுத்திட்டு முடிப்பது, மனிதனைப் பொறுத்தவரை ஆளையே முடிப்பது. கேப்பிட்டல் என்பதன் வேர் தலையைக் குறிக்கும் லத்தீன் சொல். கேப்பிட்டல் என்ற நகரம் நம் மொழியிலும் ‘தலை’நகர்தான், கேப்பிட்டல் பனிஷ்மென்ட் என்ற அவர்களுடைய மரண தண்டனையும் தலை சம்பந்தப்பட்டதுதான் என்பது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சொல் எனக்கு மறப்பதில்லை.

எனக்குச் சிரிப்பு வராத ஒரு இடம் உண்டு. ஒரு கைதியின் குடும்பத்துக்காகத் தீர்ப்பு நகலை ஒருவர் மொழிபெயர்த்திருந்தார். ஒரு குற்றத்துக்கு மூன்று ஆண்டு, இன்னொன்றுக்கு இரண்டு ஆண்டு, இரண்டும் கன்கரன்ட். அதாவது ஒரே காலத்தில் ஓடும், மொத்தம் மூன்றுதான். அவரோ ‘தொடர்ச்சியாக’ என்று எழுதிவிட்டார். அது கன்செக்யூட்டிவ் என்பதற்கான சொல். வீட்டில் எல்லோரும் ஐந்து வருடத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். நகலைச் சரிபார்க்க என்னிடம் வந்தபோது, அந்தச் சொல்லைச் சுழித்துவிட்டு ஓரத்தில் ‘3’ என்று பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அன்று தொடங்கி, தண்டனைக் காலம் வரும் பக்கத்தை இரண்டு முறை படிக்காமல் கையெழுத்துப் போடுவதில்லை.

இவ்வளவு குழப்பத்துக்கும் சரித்திரத்தில் ஒரு காரணம் இருக்கிறது. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, நீதிமன்றத்தில் மெல்ல மெல்லப் பிரெஞ்சு குடியேறியது. 1362இல் வழக்காடுவது ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று சட்டமே போட்டார்கள். ஆனாலும் பழைய சொற்கள் நகரவில்லை. ஜட்ஜ், ஜூரி, பெயில், ப்ரிசன், வெர்டிக்ட் எல்லாம் அப்படி வந்தவை. தீஃப், மர்டர் இரண்டும் பழைய ஆங்கில வேர்கள். திருடனுக்குப் பெயர் வைத்தது உள்ளூர் மொழி, அவனை விசாரித்தது வந்தேறிய மொழி! பரோல்கூடப் பிரெஞ்சில் வெறும் ‘பேச்சு’தான், திரும்பி வருவேன் என்று கைதி கொடுத்த வாக்கு. நாம் ‘வாக்குக் கொடுத்துட்டேன்’ என்கிறோமே, அதே வாக்கு.

தமிழில் நாம் ரொம்ப அசட்டையாகக் கையாளும் சொல் ‘குற்றவாளி’. பிடிபட்ட அன்றைக்கே ‘குற்றவாளி கைது’ என்று சொல்லிவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த ஆள் முதலில் சஸ்பெக்ட், பிறகு அக்யூஸ்டு, கூண்டில் ஏறினால் டிஃபென்டன்ட், தீர்ப்பு எதிராக வந்தால்தான் கன்விக்ட். ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ நீளமான சொல்தான், வாய் வலிக்கும்தான். வலித்தாலும் அதைச் சுருக்க நான் சம்மதிப்பதில்லை.

கடைசியாக அந்த அம்மாவின் வழக்கு. தீர்ப்பு நாளன்றும் என்னைத்தான் போட்டிருந்தார்கள். அறை அமைதியாக இருந்தது. ‘நாட் கில்டி’ என்றார்கள். ‘நிரபராதி’ என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. அது இன்னசன்ட், அவன் செய்யவே இல்லை என்று யாரும் அங்கே சொல்லவில்லை. போதிய அளவு நிரூபிக்கப்படவில்லை, அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் ‘நிரூபிக்கப்படவில்லை’ என்றே தனியாக ஒரு மூன்றாவது தீர்ப்பை நெடுங்காலம் வைத்திருந்தார்கள். “குற்றவாளி அல்ல” என்று மட்டும் சொன்னேன்.

அம்மா என் பக்கம் சாய்ந்து, “அப்போ அவன் எடுக்கலைன்னு சொல்றாங்களா தம்பி?” என்று கேட்டார்.

விளக்கம் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. “வக்கீலிடம் கேளுங்கம்மா” என்றேன். அவர் அதற்குள் கோப்பை மூடிக்கொண்டு வாசல் வரை போய்விட்டிருந்தார்.